நிலைப்படி தாண்டாதவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. (முதலில் ‘ஒரு சின்னப் பொய்’ என்று எழுதியிருந்தேன். ‘சின்ன’வை அடித்துவிட்டேன்.)

என் பெயர் செங் லுவோ. ஆற்றங்கரையில் உள்ள கிழக்குத்துறை விகாரையில் எழுத்தன். தலை மழித்தவன் அல்ல. மூன்று வேளையும் தின்கிறேன், மீன் கிடைத்தால் விடமாட்டேன். கருணையே உருவான குவான்யின் போதிசத்துவரின் பெயரைச் சொல்லிப் பிழைத்தவர்களின் கதையை எழுதுவது என் வேலை. புயலில் கவிழாத படகு, விடிவதற்குள் இறங்கிய காய்ச்சல், வழிவிட்டு ஒதுங்கிய புலி. தாளுக்கு ஒரு கதை. யார் சொல்லக் கேட்டது, அவர் எந்த ஊர் என்று கடைசி வரியில் போட வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் கதை, இருந்தால் சான்று. என் தாள்களைப் படகுக்காரர்கள் ஆற்றின் மேலும் கீழும் கொண்டுபோகிறார்கள். ஊர்ச் சந்தைகளில் பிக்குகள் அவற்றை உரக்கப் படிக்கிறார்கள்.

பாலைவனம் தாண்டிக் குழிந்த கண்ணும் நீண்ட மூக்குமாக வந்த துறவிகள் மூட்டை மூட்டையாகச் சூத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். நம் பெரிய மனிதர்கள் அவற்றை வைத்துக்கொண்டு இருநூறு முந்நூறு வருடமாக வாதாடுகிறார்கள். எல்லாம் சூனியமா இல்லையா, பெற்றவர்கள் தந்த தலைமுடியை மழிக்கலாமா, ஒற்றைப் பிள்ளை துறவியாகிவிட்டால் செத்த முன்னோருக்குச் சோறு வைப்பது யார். வாதம் இன்னும் முடியவில்லை. மீன்பிடிப்பவனும் உழுகிறவனும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கூப்பிட்டால் உதவி வருமா என்று ஒன்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். வரும் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. புத்தர் இந்த மண்ணில் வேர்பிடித்தது சூத்திரத்தால் என்று அறிஞர்கள் எழுதிவைப்பார்கள். என்னைப் போன்ற கூலி எழுத்தர்களால் என்று யாரும் எழுதப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘கல்துறையில் தாவ் பின் என்றொரு படகோட்டி இருந்தான். பக்திமான். அவன் மனைவி பியன்’ —

தாவ் பின் பக்திமானா என்று எனக்குத் தெரியாது. கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடி.

இரண்டாம் தொடக்கம்: ‘அந்த வருடம் இலைகள் சீக்கிரமே உதிர்ந்தன. ஆறு’ —

ஆற்றை வர்ணிக்க ஆரம்பித்தேன் என்றால் நழுவப் பார்க்கிறேன் என்று அர்த்தம். அடி.

நடந்தது நடந்தபடி: முந்தாநாள் காலை பியன் என்றொரு பெண், முதுகில் மூன்று வயதுக் குழந்தையைக் கட்டிக்கொண்டு துறைப் படியேறி வந்தாள். துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுச் சணல் துணி உடுத்தியிருந்தாள். உப்பு வியாபாரியின் கதையை எழுதியவர் யார் என்று விசாரித்துக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டாள். நான்தான் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதியவனைத் தேடி மூன்று நாள் படகில் யாரும் அதுவரை வந்ததில்லை.

3

உப்பு வியாபாரியின் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் தலைமை பிக்கு ஹுய்ஷூ எனக்கு ஏழு வரியில் சொன்னார். செய்யாத குற்றத்துக்காக ஒரு உப்பு வியாபாரி சிறைக்குப் போனான், குவான்யின் பெயரை விடாமல் சொன்னான், ஒரு நாள் கால் விலங்கு தானே கழன்றது, காவலர்கள் பயந்துபோய் மேலிடத்துக்குச் சொல்ல, அவனை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஏழு வரியைச் சந்தையில் படித்தால் இருமல் அடங்குவதற்குள் முடிந்துவிடும். நான் அதை முழுத்தாளுக்கு இழுத்தேன். சிறைக்கு ஈரம் கொடுத்தேன், காவலனுக்கு ஒரு கண்ணைப் பறித்தேன். அப்போதும் தாளில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அங்கே வியாபாரிக்கு ஒரு மனைவியை வைத்தேன்:

‘அவன் மனைவியும் வீட்டிலிருந்து பெயரைச் சொன்னாள். பத்தாயிரத்தைப் பத்து முறை எண்ணி முடிக்கும்வரை அவள் நிலைப்படி தாண்டவில்லை. எண்ணி முடித்த அன்றுதான் விலங்கு கழன்றது.’

அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. ஹுய்ஷூ சாமி படித்துப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு கணம் விரல் நின்றது. பிறகு நன்றாக இருக்கிறது என்றார். சந்தைகளில் பெண்கள் அழுத இடமும் அதுதான் என்று கேள்வி.

4

பியன் சொன்னதை அவள் சொன்ன வரிசையில் எழுதுகிறேன். அழகுபடுத்த மாட்டேன். (கை அரிக்கிறது. இருந்தாலும்.)

ராணுவத்துக்குத் தானியம் ஏற்றும் படகில் தாவ் பின்னைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போனார்கள். கோடையில் படகு பாறையில் மோதி மூழ்கியது. நீந்திக் கரையேறியவர்கள் இரண்டே பேர்: தாவ் பின், அடுத்த தெரு வெய் சான். தானியத்தைப் போகவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று இருவருக்கும் மரண தண்டனை. கோடையில் தலை வாங்குவதில்லை. இலை உதிர்ந்த பிறகுதான். ஆக இரண்டு மாதம் இருந்தது.

ஆளுநர் மாளிகை வாசலில் முறையீட்டு முரசு இருக்கிறது. வீட்டார் யாராவது நேரில் போய் அடித்தால் வழக்கை இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். கல்துறையிலிருந்து நடந்தால் ஆறு நாள். வெய் சானின் மனைவி வந்து, வா சேர்ந்து போவோம் என்று கூப்பிட்டாள். பியன் வறுத்த தினைமாவைக் கட்டி வைத்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் சந்தையில் ஒரு பிக்கு என் தாளைப் படித்தார்.

பியனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை கேட்டால் மறக்காது. என் தாளை அப்படியே, ஒரு சொல் பிசகாமல், என்னிடம் ஒப்பித்தாள். அந்த மூன்று வாக்கியம் வந்தபோது அவள் குரல் தாழ்ந்தது.

மாவு மூட்டையை அவிழ்த்துவிட்டாள். வெய் சானின் மனைவி தனியாகப் போனாள். பியன் வீட்டுக்குள் இரண்டு பானையை வைத்து, ஒவ்வொரு முறை பெயர் சொல்லும்போதும் ஒரு சோயாக் கொட்டையை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றினாள். தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரி வாசல்வரை கொண்டுவந்து வைத்தாள். ஊரார் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

“முப்பத்தோரு நாளு தாண்டலைங்க. ஒரே ஒரு தடவதான். இது போயி வாத்துக் குட்டையில விழுந்துருச்சு. ஓடிப்போயித் தூக்கியாந்தேன். தண்ணியக் கக்க வச்சிட்டு, திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணுனேன். நாளு பத்தல.”

‘இது’ என்றது குழந்தையை. குழந்தை என் மைக்கல்லில் விரலைத் தேய்த்து அதைத் தன் மூக்கில் பூசிக்கொண்டிருந்தது. பெயர் என்ன என்று கேட்டேன்.

“பேரு என்னத்துக்கு? அப்பன முழுங்குனவளேன்னு ஊரே கூப்புடுது. நானுந்தான்.”

அதைச் சொல்லும்போது அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே பார்க்கவில்லை.

வெய் சான் உயிரோடு இருக்கிறான். அவன் மனைவி முரசை அடித்துவிட்டு ஒன்பது நாள் வாசலிலேயே விழுந்து கிடந்திருக்கிறாள். தண்டனையைக் குறைத்து எல்லைக்கோட்டைக்குக் கல் சுமக்க அனுப்பிவிட்டார்கள். பியனுக்கு இதுதான் பிடிபடவில்லை. சாமி பேரே சொல்லாதவளின் புருஷன் எப்படிப் பிழைத்தான் என்று என்னிடம் கேட்டாள். நான் தூரிகையைக் கழுவினேன். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

5

அதன் பிறகுதான் அவள் வந்த காரியத்தைக் கேட்டாள்.

“ஐயா, அந்த உப்பு வியாபாரி பொண்டாட்டி நெசமாவே ஒரு தடவகூடத் தாண்டலையா? அவளுக்குக் கொழந்த குட்டி இருந்துச்சா?”

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தன் என்ன சொல்வான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அதைத்தான் நினைத்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

தாண்டவில்லை என்றேன். கடைசிவரை தாண்டவில்லை. குழந்தை இருந்ததா என்ற கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பல் பிடுங்கிய பிறகு வருவது போன்ற தெளிவு. நெற்றி தரையில் பட வணங்கினாள்.

“அப்பச் சரிங்க. தப்பு எம்மேலதான். சாமி மேல இல்ல.”

[இங்கே என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவளுடைய நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அதில் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவள் புருஷன் என் வரியால் செத்தான் என்று என் வாயால் சொல்ல எனக்குப் பயம். அவ்வளவுதான்.]

எழுந்தவள் இன்னொன்றும் கேட்டாள். தன் கதையை எழுதித் தர வேண்டும். தாண்டினால் என்ன ஆகும் என்று. ஊரில் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லி, மற்ற பெண்களும் கேட்கட்டும். தாளைப் படித்து முடித்ததும் குழந்தையைக் கொடுத்துவிடப் போகிறாளாம். மேல்துறையில் ஒரு வீட்டில் வேலைக்கு வளர்க்கக் கேட்டிருக்கிறார்கள்.

“பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருதுங்க. என்னைக்காவது ஏதாச்சும் செஞ்சுருவேனோன்னு பயமா இருக்கு.”

6

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை.

உப்பு வியாபாரியின் கதையை எழுதிய வாரத்தில் என் மனைவி வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. குளிர்காலம் முழுக்க அவளிடம் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. ஊரார் விலங்குகளைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன். ஒரு நாள் புளிக்கவைத்த கீரையையும் கஞ்சியையும் என் முன்னால் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

ஆகவே தாளில் இடம் மிஞ்சியபோது, தாண்டாத ஒருத்தியை எழுதினேன். படி தாண்டாப் பத்தினி. என் வீட்டில் இல்லாதவள் வியாபாரி வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கடுப்பு. போதிசத்துவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்று நாள் பயணத் தூரத்தில், நான் பார்த்தே இராத ஒரு வீட்டில், அந்தக் கடுப்பை ஒருத்தி சட்டமாக எடுத்துக்கொண்டு முப்பத்தோரு நாள் உள்ளேயே இருந்தாள்.

தாண்டியதால் அவன் செத்தான் என்பது பொய். தாண்டாததால் செத்தான் என்பதுதான் உண்மை. இந்த இரண்டில் எதை ஒரு பெண்ணால் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

7

ஹுய்ஷூ சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

“நான் சொன்னது ஏழு வரி. அதுல பொம்பளையே கெடையாது” என்றார்.

அது தெரியும் என்றேன். அந்த இடத்தில் அவர் விரல் நின்றதும் எனக்குத் தெரியும் என்றேன். அப்போதுதான் கத்தி நின்றது.

மெதுவாக, கோபமே இல்லாமல் பேசினார். அந்தத் தாளைக் கேட்ட பிறகு ஆற்றோரத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று கேட்டார். மேல்துறையில் பெண்குழந்தையை ஆற்றில் விட இருந்த மூன்று பேர், குவான்யினுக்குப் பயந்து வளர்க்கிறார்கள், அது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். அந்த மூன்றும் அவருடைய ஏழு வரியால் பிழைத்தனவா, என் மூன்று வரியாலா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தாளில் ஒரு பொய் என்று வெளியே தெரிந்தால், எது பொய் எது மெய் என்று பிரித்துப் பார்க்க யாரும் உட்காரமாட்டார்கள், மொத்தத் தாளும் அடுப்புக்குத்தான் போகும், அந்த மூன்று வீட்டிலும்கூட, என்றார்.

நான் எழுந்தபோது சொன்னார்: “அந்தப் பொண்ணு ஆறுதல் கேட்டு வரலப்பா. காரணம் கேட்டு வந்திருக்கா. கேட்டதக் குடுத்து அனுப்பு.”

(சாமி கெட்டவர் அல்ல. இதை எழுதும்போது அவரைக் கெட்டவராக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கெட்டவர் ஒருவர் இருந்தால் கதை எழுதுவது சுலபம். பஞ்ச காலத்தில் தன் கஞ்சியைத் துறைப் பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தவர் அவர்.)

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் கேட்ட முடிவு: ‘முப்பத்திரண்டாம் நாள் அவள் நிலைப்படியைத் தாண்டினாள். கணவன் இறந்தான். கேட்பவர்கள் கவனமாக இருக்கட்டும். இதைச் சொன்னவள் கல்துறை பியன், இன்றும் உயிரோடு இருக்கிறாள்.’ இதை எழுத எனக்கு ஒரு வேளைகூட ஆகவில்லை. இதுவரை நான் எழுதியதில் இது ஒன்றில்தான் சாட்சி நிஜமானவள். நன்றாகவும் வந்திருக்கிறது. அடுத்த வருடம் எங்கோ ஒரு குழந்தை குட்டையில் விழும். அதன் அம்மா நிலைப்படிக்கு உள்ளேயே நின்று குவான்யின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

என் மனம் கேட்ட முடிவு: பியன் கனவு காண்கிறாள். தாவ் பின் தாமரைமேல் நின்று, ‘நீ குழந்தையைத் தூக்கியபோது போதிசத்துவரும் கூடக் கை கொடுத்தார், அதனால்தான் அது பிழைத்தது, என் ஆயுள் அவ்வளவுதான்’ என்கிறான். அவள் விழித்து, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இது எவ்வளவு நல்ல முடிவு என்று பாருங்கள். நம்பிக்கையும் மிஞ்சுகிறது, குழந்தையும் மிஞ்சுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உப்பு வியாபாரியின் மனைவியை எழுதியபோதும் இப்படித்தான் கலங்கியது. அந்தக் கனவு தனக்கு வரவில்லையே என்று பியன் என்ன நினைப்பாள்? புருஷன் மன்னிக்கவில்லை என்றுதான் நினைப்பாள். தினமும் விடிந்ததும், இன்றும் வரவில்லை என்று எழுந்து உட்காருவாள்.

மூன்றாவது, உண்மை. அதைச் சொல்ல இன்று காலை துறைக்குப் போனேன். யாத்ரீகர் கொட்டகையில் பியன் தினைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் பக்கமாகக் கையை நீட்டியது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிவிடாமல், தொடவும் தொடாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். குழந்தை கிண்ணத்தை எடுத்துக் குடித்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். எழுதியாச்சா என்று கேட்டாள். நாளைக்குள் முடித்துவிடுகிறேன் என்றேன்.

[இங்கே நான் கோழை என்று ஒரு வரி. வேண்டாம், அது உங்களுக்கே தெரிகிறது.]

9

நாளைக் காலை மேலே போகும் படகில் பியன் ஏறுகிறாள். அவள் கேட்ட கதையை அடுப்பில் போட்டுவிட்டேன். கனவுக் கதையையும் போட்டுவிட்டேன். மிஞ்சியது இதுதான், அடித்தலும் திருத்தலுமாக, முதல் வரியிலிருந்து. நாளை இதை மடித்து, விகாரை முத்திரை வைத்து அவள் கையில் கொடுப்பேன். அவள் இதை அவள் கேட்ட தாள் என்று நினைத்துத் தலையில் ஒற்றிக்கொள்வாள். ஹுய்ஷூ சாமியும் அப்படித்தான் நினைப்பார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கல்துறையில் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரோ இருவரோதான். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. மனு எழுதிக் கொடுப்பவராக இருக்கலாம், துணி வியாபாரியாக இருக்கலாம், வழியில் தங்கிய ஒரு பிக்குவாகவும் இருக்கலாம். உங்களைத் தேடி வந்து இதைக் கையில் கொடுத்து, படிங்க ஐயா என்று சொல்லிவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பெண்கள் கேட்பதற்காகக் கூட வந்திருக்கலாம். மேல்துறை வீட்டிலிருந்து ஆளும் வந்திருக்கலாம். நீங்கள் முதல் வரியிலேயே குரலை நிறுத்திவிட்டு, இவ்வளவு நேரமாகக் கண்ணால் மட்டும் படித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இதைச் செய்ய உரிமை இல்லை. இதற்கு முன்னால் செய்ததற்கும் இருக்கவில்லை.

முடிவு என்னிடம் இல்லை. நான் வாயைத் திறந்தால் பொய் வருகிறது, தூரிகையை எடுத்தால் அழகாக வருகிறது. அவளுடைய முகம் உங்கள் முன்னால் இருக்கிறது. எதைத் தாங்குவாள் என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியும், மூன்று நாள் பயணத் தூரத்திலிருந்து என்னால் முடியாது. குழந்தை அங்கேதான் எங்காவது இருக்கும்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கேட்டால் அவளுக்கு மறக்காது. இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். இத்தனை தாளையும் பார்த்தவளிடம், ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டாள்.